வரி நோட்டுல இல்லாத பேரு

வாடா பேராண்டி. பங்குப் பேரவைக்கு செயலாளர் ஆயிட்டியாமே. அதான் சட்டை மடிப்பு கலையாம நடக்கற. ஒக்காரு. அந்த மூலையில கோழி அடை காக்குது, பாத்து ஒக்காரு. என்னாது கையில? ‘பெருந்தொற்றுக் காலச் செயல்திட்டமா’? கொண்டா பாப்பம். கேமராவுக்கு இத்தினி பக்கம், மைக்குக்கு இத்தினி பக்கம், காணிக்கை வாங்க கியூஆர் கோடு அட்டைக்கு ஒரு முழுப்பக்கம். அடுத்த வாட்டி வர்ற கிருமி இந்தப் புஸ்தகத்தப் பாத்தே திட்டக்குடிப் பக்கம் ஓடிரும்.

கேமரா வேண்டாம்னு கெழவன் சொல்லுவான்னுதான மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வந்திருக்கற? சொல்ல மாட்டன். ரெண்டா வாங்கு. 2020 மார்ச் 22 ஞாயித்துக்கிழமை ஊரடங்குன்னாங்க. ஒரு நாள் கூத்துன்னு நெனச்சம். செவ்வாக்கிழமை ராத்திரியோட தேசத்தையே பூட்டுனாங்க. பிரளயத்துக்கே ஈடு குடுத்த சாமின்னு பேரு வாங்குனவரு நம்மூரு பிரளயகாலேஸ்வரரு, அவரு கோயிலுக்கும் பூட்டு. மாதா கோயிலுக்கும் பூட்டு, பள்ளிவாசலுக்கும் பூட்டு. அந்த ஒரு விசயத்துல பாகுபாடே கெடையாது. பெரிய கோயிலெல்லாம் தொறக்கறப்ப செப்டம்பர் 1 ஆயிப்போச்சு. அதுவரைக்கும் எங்களுக்கு மாதா டிவிதான் பங்குக்கோயிலு.

குருத்தோல ஞாயிறு, பெரிய வெள்ளி, ஏப்ரல் 12 பாஸ்கா, எல்லாம் அந்தப் பொட்டிக்குள்ளதான். ஒம் பாட்டி முக்காடு போட்டுக்கிட்டு டிவிக்கு எதிரத்த மண்டி போடுவா. டிவியில சாமியாரு எழுந்திரிங்கன்னா எழுந்திரிப்பா. நான் கட்டில்ல சாஞ்ச மேனிக்கு முழுப்பூசையும் கண்டன். கேட்டா இடுப்பு வலி. பிரசங்கம் நடுவுல கரெண்டு போனா அதையும் ஆண்டவரோட கிருபையில சேத்துக்கிட்டன். அந்த மார்ச் 27-ஆம் தேதி போப்பாண்டவர் பிரான்சிஸ், ரோமாபுரியில அம்மாம் பெரிய பேதுரு சதுக்கத்துல, மழையில ஒத்த ஆளா நடந்து வந்து ஒலகத்துக்கே ஆசீர்வாதம் குடுத்தாரு. அதப் பாத்துட்டு ஒம் பாட்டி அழுத அழுவ! ஒலகம் அழியப்போவுதுன்னு இல்ல. வயசான மனுசனுக்குக் கொட புடிக்க ஒருத்தரும் இல்லியேன்னு.

அதனால பொட்டியக் கொற சொல்லல. ஆனா ஒங் கேமரா பீடத்தப் பாத்துக்கிட்டு நிக்கும். எதுத்தாப்புல காலியாக் கெடக்குற பெஞ்சில வழக்கமா யாரு ஒக்காருவாங்க, அவங்க வூட்டுல இன்னிக்கி ஒல வச்சாங்களான்னு அது திரும்பிப் பாக்காது. அதப் பாக்கற கண்ணு யாருக்கு இருந்ததுன்னு சொல்றன், கேட்டுக்க.

நோய் வந்த மூணாவது வாரம் எங்கியோ ஒரு புண்ணியவான் அரிசி மூட்ட எறக்குனாரு. பேரவைப் பெரியவங்க கூடி, இடைவெளி விட்டு ஒக்காந்து, யார் யாருக்குக் குடுக்கறதுன்னு எடுத்தாங்க பாரு ஒரு நோட்டு. என்னா நோட்டு? திருவிழா வரி நோட்டு. தலைக்கட்டுக்கு இம்மாம், குடுத்தவன் பேருக்கு நேரா டிக்கு, குடுக்காதவன் பேருக்கு நேரா செவப்பு மை. அந்த நோட்டுல புருசன் செத்தவ பேரு கெடையாது, ஒத்தப் பொம்பளையத் தலைக்கட்டா எழுதறதில்லன்னு வுட்டுட்டாங்க. கரும்பு வெட்டப் போனவன் பேரு கெடையாது. விருத்தாசலம் செராமிக் பேட்டையில பொம்மைக்கு வர்ணம் அடிச்சி நாள்கூலியில காலந்தள்றவ பேரு கெடையாது. சூளை அணைஞ்சி அவ கை சும்மா கெடந்த நேரம் அது. வரி வாங்குனதில்ல, அதனால பேரும் இல்ல. கருணையா வுட்டு வச்சதுதான், ஆனா குடுக்கற அன்னிக்கி அதுவே கதவச் சாத்திருச்சி. கடைசியில அரிசி போயி எறங்குனது மச்சுவூட்டு வாசல்ல. அவங்களும் வேண்டாங்கல. எலவசம்னா யாருக்குடா கசக்குது?

அப்பத்தான் கீழத்தெரு ஆயா வந்தா. மரியாயின் சேனையில அம்பது வருசமா இருக்கறவ. பேரவைக் கூட்டத்துல அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு நான் பாத்ததில்ல. டீ ஊத்தத்தான் கூப்புடுவாங்க. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் ஊழியம் பாக்கணும்கறது அந்தச் சேனையில சட்டம். அந்தச் சட்டத்துக்காகத் தெருத்தெருவா நடந்தவளுக்கு யார் வூட்டுல சீக்காளி, யார் வூட்டுல பால்குடிப் புள்ள, எவன் குடிச்சிட்டுப் பொண்டாட்டிய அடிப்பான், எவ மாத்தரை இல்லாமக் கெடக்கறா, அத்தினியும் மனப்பாடம். நோட்டு கேட்டா நெத்தியத் தொட்டுக் காட்டுவா. வின்சென்ட் தே பவுல் சபைப் பையனுவோ நாலு பேரு மோட்டார் சைக்கிளோட அவ பின்னால நின்னானுவோ. அவ சொன்ன வூட்டுக்கெல்லாம் அரிசி போச்சு, சுகர் மாத்தரை போச்சு.

அதுலயும் அவ சாமர்த்தியம் பாரு. மானஸ்தர் வூட்டுல போயி அரிசி இந்தான்னா வாங்குவாங்களா? முந்தானைய மூக்கோட இழுத்துக் கட்டிக்கிட்டு, வாசலோட நின்னு, ‘ஒரு மணி ஜெபமாலை சொல்லிட்டுப் போறன்’னு ஆரம்பிப்பா. சொல்லி முடிச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருவா. பை அங்கியே கெடக்கும். மறந்துட்டாளாம்! ஊரு பூரா மறதிக்காரின்னு பேரு வாங்குனா. இவளுக்குக் கேமரா புடிச்சிருந்தா எத்தினி வூட்டுல கதவு தொறந்திருக்கும்?

இது நேத்து மொளச்ச பழக்கமில்ல. வருசாவருசம் கோணான்குப்பம் பெரியநாயகி மாதா தேருக்குப் போறியே, அந்தக் கோயில எழுப்புன வீரமாமுனிவரு தேம்பாவணி பாடுனாருன்னு மேடைக்கு மேடை மொழங்குவீங்க. அந்த மனுசன் ‘வேதியர் ஒழுக்கம்’னு இன்னொரு புஸ்தகம் எழுதி வச்சிட்டுப் போனாரே, பேரவையில எவனாவது பிரிச்சிப் பாத்திங்களா? அது உபதேசியாருங்களுக்கு எழுதுனது. அந்தக் காலத்துல ஒரு சாமியாரு தலையில எத்தினி ஊரு! வெள்ளாத்துல வெள்ளம் வந்தா வரமாட்டாரு, ராசாக்களுக்குள்ள சண்டைன்னா வரமாட்டாரு. வருசத்துக்கு ஒருவாட்டி வந்து போனாலே திருவிழாதான். மிச்ச நாளெல்லாம் கொழந்தைக்கு ஆபத்துன்னா தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுத்தது, சாவப்போறவன் தலமாட்டுல ஒக்காந்து மனஸ்தாப மந்திரம் சொல்லிக் குடுத்தது, ஞாயித்துக்கிழமை சனத்தக் கூட்டி ஜெபம் சொன்னது எல்லாம் உபதேசியாரு.

இதாவது பரவால்ல. 1773-ல அன்னிக்கி இருந்த போப்பாண்டவரே சேசு சபையக் கலைச்சிப்புட்டாரு. வீரமாமுனிவரு இருந்த அதே சபை. மூணு வருசங்கழிச்சி, 1776-ல, பாரிசு வேதபோதக சபைக்காரங்க புதுச்சேரியில பொறுப்பேத்துக்கிட்டாங்க. வந்தவங்க விரல் விட்டு எண்ணலாம், ஊரோ ஆயிரம். ஒங்க ஊரடங்கு அஞ்சு மாசம். அவங்களுக்குப் பூசையில்லாத காலம் வருசக் கணக்குல. அப்ப யூடியூப்பு எந்தக் கடையில வித்துச்சு? ஆனா சனம் வேதத்த வுடல. வுட்டிருந்தா நீ இன்னிக்கி செயலாளர் ஆயிருக்க மாட்ட, நானும் நிம்மதியாத் தூங்கியிருப்பன்.

இன்னொரு வேடிக்க கேளு. ரெண்டாவது அலையில நாம மூச்சுக்குத் தவிச்சிக்கிட்டிருந்த அதே 2021 மே மாசம், பொதுநிலை ஆளுங்க பாக்கற உபதேசியாரு வேலைய ஒரு முறையான திருப்பணியா ஏற்படுத்தி போப்பாண்டவர் ஆணை போட்டாரு. நம்ம பக்கம் முன்னூறு வருசமா நடக்கறதுக்கு ரோமாபுரியிலேருந்து கையெழுத்து வந்து சேந்துச்சு. தபாலு கொஞ்சம் தாமசம்.

உள்ளூர்க் கதை எடுபடாதுன்னா வெளிநாட்டுக் கதை சொல்றன். 1576-ல மிலான்ல பிளேக்கு. ஊர்ச்சனம் வூட்டுக்குள்ள அடைபட்டுக் கெடந்துச்சி. அந்த ஊரு பேராயரு கார்லோ பொரோமியோ தெருச்சந்தியில பீடம் போட்டு பூசை வச்சாரு. சனமெல்லாம் சன்னல்லேருந்தே பூசை கண்டுது. நேரலையக் கண்டுபிடிச்சது நாமதான்னு இனிமே பீத்திக்காத. அந்த மனுசன் அதோட நிக்காம சீக்காளிங்களத் தேடித்தேடிப் போனாரு, அத சேத்து எழுது.

வீராப்பு மட்டும் வேண்டாம். மாதா இருக்கறப்ப மாஸ்க்கு என்னாத்துக்குன்னு மார் தட்டுனவனுவோ நம்ம பங்குலயும் இருந்தானுவோ. மாதா மூக்குல மாட்ட வேண்டாம்னு சொன்னாளா? அமெரிக்காவுல, வாஷிங்டன் மாநிலத்துல, 2020 மார்ச் 10-ஆம் தேதி ஒரு தேவாலயக் கூடத்துல பாடகர் குழு ஒத்திகை பாத்துச்சி. வந்தவங்க 61 பேரு, படுத்தவங்க 53 பேரு, ரெண்டு பேரு போயி சேந்துட்டாங்க. நம்ம கதைக்கு மூணாறு போதும். 2021 ஏப்ரல்ல தென்கேரள சி.எஸ்.ஐ. பேராயத்துக்காரங்க அங்க தியானக் கூட்டம் கூட்டுனாங்க. குருமாருங்களே நூறு பேருக்கு மேல நோயில விழுந்தாங்க, சில பேரு எழுந்திரிக்கவே இல்ல. அவங்களுக்கெல்லாம் விசுவாசம் கொறச்சலா? காத்துக்கு ஞானஸ்நானச் சீட்டு படிக்கத் தெரியாதுடா. ஒம் பாடகர் குழு உச்சத்துல கத்துறத நெனச்சா எனக்கு நோயில்லாத காலத்துலயே பயம், அது வேற.

பயமும் கண்ண மறைச்சிது, அதையும் சொல்லணும். 2020 மே மொதல் வாரம் கோயம்பேட்டுல மூட்ட தூக்குன நம்ம பயலுவோ லாரியேறி வந்தானுவோ. கடலூரு மாவட்டத்துல ஒரே நாள்ல நூத்துக்கு மேல கணக்கு ஏறுச்சி. நேத்து வரைக்கும் மச்சான் மாப்ளன்னு கூப்புட்டவனயெல்லாம் இன்னிக்கி ‘கோயம்பேடு’ன்னு பேரு வச்சிக் கூப்புட்டாங்க. பள்ளிக்கூடத்துல தனியா வச்சிருந்தாங்க அவனுவள. வேலி வரைக்கும் சோறு கொண்டு போனவ யாருன்னு கேக்காத, ஒனக்கே தெரியும். சென்னையில அதுக்கு முன்ன ஏப்ரல்ல, நோயில செத்த டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் ஒடம்பப் பொதைக்க வுடாம கல்லால அடிச்சி வெரட்டுனாங்க. கல்லறையத் தடுத்தா ஜெயிலுன்னு சர்க்காரு அவசரச் சட்டம் போட வேண்டியதாப் போச்சி. நம்மூருல 2021 மே மாசம் நாலு வாலிபப் பையனுவோ பிளாஸ்டிக் அங்கி மாட்டிக்கிட்டுக் குழி வெட்டுனானுவோ. அதுல ரெண்டு பேரு பூசைக்கே வராதவனுவோன்னு நீங்க குத்தப்பத்திரிகை வாசிச்சவனுவோ.

அந்த வருசம் ஆகஸ்டுல இன்னொரு கூத்து. வெள்ளி, சனி, ஞாயிறு வழிபாட்டுத் தலமெல்லாம் மூடு, மத்த நாளு தொறந்துக்கன்னாங்க. அக்டோபர் நடுவுல வரைக்கும் அப்பிடித்தான். ஞாயித்துக்கிழமை ஒம்பது மணிக்கு மட்டும் கடவுள நெனைக்கிற நமக்கு, புதன்கிழமை சாயங்காலம் அவரு எங்க இருப்பாருன்னே தெரியல. ஆனா அன்பியக் கூட்டம் நடத்தற பொம்பளைங்களுக்கு அது ஒரு சேதியே இல்ல. புதன்கிழமை அவங்களுக்குப் பழக்கப்பட்ட நாளு. ஒவ்வொரு தெருவுலயும் பதினஞ்சு இருவது குடும்பத்துக்கு ஒரு அன்பியம்னு சாமியாருங்க தொடங்கி வச்சப்ப, பொம்பளைங்க அரட்ட அடிக்கத்தான்னு சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன்டா.

ஒம் புஸ்தகத்துல கேமராவ நீ அடிக்க வேண்டாம். மொதப் பக்கத்துல தெருவுக்குத் தெரு, வூட்டுக்கு வூடு பேரெழுது. புருசன் இருக்கறவ, இல்லாதவ, வாடகைக்கு வந்தவ, பூசைக்கு வராதவன் எல்லாரையும் எழுது. யாருக்கு என்னா மாத்தரை, யாரு போனு எடுப்பா, எடுக்கலன்னா பக்கத்து வூட்டுல யாரக் கேக்கணும், அத எழுது. நோய் வந்தப்பறம் எழுத முடியாது, இப்ப நடந்து போயி எழுது. அதுக்குப் பொறுப்பா யாரப் போடறதுன்னு யோசிக்கறியா? டீ ஊத்தக் கூப்புடறிங்களே, அவளுக்கு மொதல்ல ஒரு நாற்காலி போடுங்க.

எழுந்திட்டியா? இரு, ஒண்ணு மறந்துட்டன். அந்த ஆயா நேத்து வந்து ஒரு துண்டுச்சீட்டக் காட்டுனா. இந்த வருசத்துத் திருவிழா வரிச் சீட்டு, அவ பேருல, முழுத் தலைக்கட்டுன்னு போட்டு, கீழ ஒங் கையெழுத்து. அரிசி எறங்குன அன்னிக்கி தேடித்தேடிப் பாத்தும் கெடைக்காத பேரு, ரூவா கேக்கறப்ப மட்டும் எங்கடா மொளச்சுது?