பூட்டே துணை

சந்தை படுத்துவிட்ட காலத்தில் சிங்கப்பூரில் ஒரு வகை மனிதர் தலையெடுப்பார். பெயர் எதுவானாலும் குணம் ஒன்றுதான் என்பதால் அவரைப் பூட்டுச்சாமி என்றே அழைப்போம். கிராஞ்சியில், தங்கும் விடுதிகளுக்கும் லாரிப் பட்டறைகளுக்கும் நடுவே எழும்பிய அடுக்குமாடித் தொழிற்கூடம் ஒன்றில் அவருக்கு 2,000 சதுர அடி சொந்தம். கதவில் பூட்டு. பூட்டுக்கு மேலே ‘வாடகைக்கு’ என்று ஓர் அட்டை. அதிலிருக்கும் தொலைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் வெயிலில் வெளுத்துப்போய்விட்டன. மாற்றி எழுதலாமே என்றால், “வேணும்கிறவன் தேடிக்கிட்டு வருவான்” என்பார். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நண்பர்கள் “இடம் போச்சா?” என்று விசாரித்தால், “ஆள் வந்தாங்க, நான்தான் கொடுக்கல” என்று பதில் வரும். பெண் கேட்டு வந்தவர்களைத் திருப்பியனுப்பிய தகப்பனின் மிடுக்கு அந்தப் பதிலில் இருக்கும். ஏஜென்ட் தயங்கித் தயங்கி, “பாஸ், மார்க்கெட் டல்லா இருக்கு, கொஞ்சம் இறங்கி வரலாமே” என்று தொடங்கினால் போதும், “கடைசியா 3,600 வெள்ளிக்குப் போன இடம் தம்பி. ரேட்டைக் கெடுக்கக் கூடாது” என்று முடித்துவிடுவார். அந்தக் ‘கடைசி’ எந்த வருடம் என்று கேட்பது மரியாதை ஆகாது.

மரியாதையை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்ப்போம். இரும்பு வேலை எடுத்துச் செய்யும் சிறு ஒப்பந்தக்காரர் ஒருவர் மாதம் 2,880 வெள்ளி தர முன்வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வாடகையில் 20 விழுக்காடு குறைவு. ஓராண்டு ஒப்பந்தம் என்றால் கைக்கு வருவது 34,560 வெள்ளி. பூட்டுச்சாமி மறுத்துவிட்டு 3,600 தரும் மகராசனுக்காகக் காத்திருக்கிறார். அந்த மகராசன் எழுபத்து மூன்று நாளுக்குள் வந்துவிட்டால் காத்திருந்ததில் பொருள் உண்டு. அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் நஷ்டம்தான். சூத்திரம் எளிது: எத்தனை விழுக்காடு குறைக்க மனமில்லையோ, ஒப்பந்தக் காலத்தில் அத்தனை விழுக்காடு மட்டுமே இடம் காலியாகக் கிடக்கலாம். படுத்த சந்தையில் எழுபத்து மூன்று நாள் என்பது ஏஜென்ட் இரண்டு முறை போன் செய்து, மூன்றாவது முறை செய்யாமல் விடும் காலம். ஓராண்டு முழுக்கப் பூட்டியே கிடந்துவிட்டால் சேதி இன்னும் மோசம். பிறகு 3,600 கொடுக்கும் ஆளே கிடைத்தாலும், மாதம் 720 வெள்ளி கூடுதலாக வாங்கி அந்த ஓராண்டு இழப்பை ஈடுகட்ட நான்கு ஆண்டு ஆகும். இத்தனைக்கும் பூட்டுச்சாமி கணக்கில் கெட்டிக்காரர். காப்பிக்கடையில் பத்துக் காசு மீதி குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார்.

கெட்டிக்காரர் ஏன் இப்படிச் செய்கிறார்? அவர் பார்க்கும் கணக்கு வேறு. மாதம் 3,600 வருகிற இடத்தை 6 விழுக்காட்டு வருமானக் கணக்கில் மதிப்பிட்டால் விலை 720,000 வெள்ளி. 2,880 என்று ஒப்பந்தத்தில் எழுதிய மறுநாள் அதே இடம் 576,000 வெள்ளி. ஒரு கையெழுத்தில் 144,000 வெள்ளி போய்விட்டதே என்று அவர் நெஞ்சு பதைக்கிறது. பூட்டு தொங்கும்வரை விலை 720,000-லேயே நிற்பதாக ஒரு நம்பிக்கை. இதைச் சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட முடியாது. மதிப்பீட்டாளர்கள் வாடகையைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள், கடன் கொடுத்த வங்கி அந்த விலையைத்தான் பார்க்கிறது. ஆனால் அதே வங்கி இன்னொரு கணக்கும் போடுகிறது. 2013-இல் சிங்கப்பூர் நாணய ஆணையம் கொண்டுவந்த மொத்தக் கடன் அடைப்பு விகித விதிப்படி, ஒருவருக்குச் சொத்துக் கடன் கொடுக்கும்போது அவருடைய வாடகை வருமானத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் வருமானமாக ஏற்பார்கள். 2,880 வெள்ளிக்கு 2,016 தேறும். பூட்டிய கதவின் எழுபது விழுக்காடு எவ்வளவு என்று பூட்டுச்சாமிதான் வங்கி அதிகாரிக்கு விளக்க வேண்டும்.

சொத்து வரி வந்தால் அவருடைய இன்னொரு முகம் தெரியும். சிங்கப்பூரில் வரி போடுவது கைக்கு வந்த வாடகைக்கு அல்ல, சந்தையில் அந்த இடத்துக்கு என்ன வாடகை வரும் என்ற மதிப்புக்கு. ஆண்டு மதிப்பு என்று அதற்குப் பெயர். தொழிற்கூடத்துக்கும் கடைக்கும் அதில் 10 விழுக்காடு. ஒரு காலத்தில் இடம் காலியாகக் கிடந்தால் அந்த மாதங்களுக்கு வரியைத் திரும்பக் கேட்கலாம். 2014 ஜனவரி முதல் அந்தச் சலுகை இல்லை. ஆகவே பூட்டுச்சாமி வருவாய் ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறார்: ‘ஐயா, சந்தை விழுந்துவிட்டது, என் இடத்துக்குப் பழைய வாடகை வராது, ஆண்டு மதிப்பைக் குறைக்க வேண்டுகிறேன்.’ கடிதத்தை அனுப்பிய கையோடு ஒப்பந்தக்காரரிடம், “ரேட்டெல்லாம் அப்படியேதான் இருக்கு அண்ணே” என்கிறார். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். ஆணையத்துக்கு எழுதியதுதான் உண்மை என்று அவருக்கே தெரியும்.

கிராஞ்சி என்பதால் ஒரு கூடுதல் சிக்கல். 2012-இன் நடுப்பகுதி முதல் அரசு விற்கும் தொழில் நிலங்களுக்குக் குத்தகைக் காலம் அதிகபட்சம் 30 ஆண்டு என்று ஆயிற்று. அதற்கு முன் 60 வரை இருந்தது. அப்படிப்பட்ட 30 ஆண்டு நிலத்தில் எழும்பிய கட்டடம் என்றால், ஓராண்டு பூட்டி வைப்பது சொத்தின் ஆயுளில் முப்பதில் ஒரு பங்கைக் காற்றில் விடுவது. 720,000 வெள்ளிக்கு நேர்க்கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 24,000, மாதத்துக்கு 2,000. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கரைகிறது. பஃப்ளோ ரோட்டுக் கீரைக்காரருக்கு இந்தப் பாடம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பொழுது சாயச் சாய விலையை இறக்கிக் கட்டுகளைத் தள்ளிவிடுகிறார். காலை விலைதான் கௌரவம் என்று அவர் கூடையைப் பூட்டி வைப்பதில்லை. போன மாதத்தின் 2,000 சதுர அடியும் அந்தக் கீரைதான், இந்த மாதம் யாருக்கும் விற்க முடியாது. நிரந்தர உரிமை நிலத்தில் காத்திருப்பவரிடமாவது காலம் இருக்கிறது. 30 ஆண்டுக் குத்தகையில் காத்திருப்பவர் எதை வைத்துக் காத்திருக்கிறாரோ அதையே செலவழிக்கிறார்.

பூட்டுச்சாமியின் தரப்பில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. ஒருவருக்குக் குறைத்தால் அடுத்த கதவுக்காரர் மோப்பம் பிடித்துவிடுவார், புதுப்பிக்கும்போது ஏற்ற முடியாது என்பார். அதற்குப் பெரிய கட்டட முதலாளிகள் எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: ஒப்பந்தத்தில் பழைய வாடகையையே எழுதி, முதல் இரண்டு மூன்று மாதத்தை இலவசமாக விடுவது, அல்லது முதல் ஆறு மாதம் குறைத்து அடுத்த ஆறு மாதம் ஏற்றுவது. குறைந்த வாடகைக்கு வருகிறவன் இடத்தைப் பாழாக்குவான் என்பது அவருடைய அடுத்த பயம். உண்மையில் பயப்பட வேண்டிய ஆள் வேறு. படுத்த சந்தையில் பேரம் பேசாமல் பழைய வாடகைக்குத் தலையாட்டுகிறவர் ஒன்று கணக்குத் தெரியாதவர், அல்லது மூன்றாம் மாதத்துக்கு மேல் கொடுக்கும் உத்தேசம் இல்லாதவர். முன்பணத்தைக் கழித்துக்கொண்டு அவர் ஓடிய பிறகு மீண்டும் பூட்டுத்தான்.

அவருடைய பலமான வாதம் சந்தை திரும்பும் என்பது. சாட்சியும் இருக்கிறது. கொவிட்-19 காலத்தில் குறைந்த வாடகைக்கு இரண்டாண்டு எழுதிக்கொடுத்த வீட்டுக்காரர்கள், 2022 ஒரே ஆண்டில் தனியார் வீட்டு வாடகை ஏறத்தாழ 30 விழுக்காடு ஏறியபோது கையைப் பிசைந்தார்கள். 2023-இல் தொழிற்கூட வாடகையும் 9 விழுக்காட்டை ஒட்டி ஏறியது. “பார்த்தீங்களா” என்று பூட்டுச்சாமி அன்றைக்கு எல்லாரையும் கேட்டிருப்பார். ஆனால் ஏறிய கதையைச் சொல்லும்போது இறங்கிய கதையை விழுங்கிவிடக் கூடாது. கிராஞ்சிக்காரர் பார்க்க வேண்டிய, தொழில் நிலங்களைக் கவனிக்கும் ஜேடிசி நிறுவனத்தின் குறியீட்டில் தொழிற்கூட வாடகை 2015 முதல் இறங்கத் தொடங்கி, 2020 கழிந்த பிறகுதான் தெளிவாகத் தலை நிமிர்ந்தது. 2015-இல் பூட்டியவர் திறக்கும்போது 30 ஆண்டில் ஐந்து போயிருக்கும். அந்த வீட்டுக்காரர்கள் கையைப் பிசைந்ததும் வாடகையைக் குறைத்ததற்காக அல்ல, அதை இரண்டாண்டுக்குக் கட்டிப்போட்டதற்காக. ஓராண்டுக்கு எழுதியிருந்தால் சந்தையோடு அவர்களும் ஏறியிருக்கலாம். எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாதபோது, தினமும் காசு கட்டிக் காத்திருப்பதற்கு முதலீடு என்ற பெயர் பொருந்தாது. கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு குதிரைப் பந்தயம் முடிந்துவிட்டது என்கிறார்கள். முழுதாக முடியவில்லை போலிருக்கிறது.

பூட்டுச்சாமி தானாக மனம் இளகுவார் என்று அரசாங்கமும் நம்பிப் பார்த்ததுண்டு. 2009 மந்தத்தில் கடைக்கும் தொழிற்கூடத்துக்கும் 40 விழுக்காடு சொத்து வரியைத் தள்ளுபடி செய்து, வாடகைக்காரருக்கும் அதில் பங்கு கொடுங்கள் என்று சொத்துக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. 2020-இல் அந்த நம்பிக்கை சட்டமாக மாறியது. தள்ளுபடி அப்படியே வாடகைக்காரருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஏப்ரலில் ஒரு சட்டம். ஜூனில் இன்னொன்று: வருமானம் 35 விழுக்காடோ அதற்கு மேலோ விழுந்த சிறு, நடுத்தர நிறுவனம் தொழிற்கூடத்தில் இருந்தால் இரண்டு மாத வாடகை விலக்கு, ஒரு மாதம் அரசின் செலவில், ஒரு மாதம் உரிமையாளரின் செலவில், கடைகளுக்கு இதுபோல் நான்கு மாதம். அரசு தானே வாடகைக்கு விட்ட இடத்தில், அதாவது தேக்கா நிலையம் போன்ற அங்காடி நிலையங்களில், அந்த ஆண்டு ஐந்து மாத வாடகையை விட்டுக்கொடுத்தது. பூட்டுச்சாமிகள் இதை அநியாயம் என்றார்கள். தங்களுக்கும் கடன் இருக்கிறது என்றார்கள். சிலருக்கு அது உண்மைதான், வாடகையை நம்பியே வாழும் சிறு உரிமையாளர் தன் பங்கைப் பாதியாகக் குறைக்கக் கேட்கவும் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் கடன் இருப்பவர்தான் பூட்டவே கூடாதவர். மாதத் தவணை, பராமரிப்புக் கட்டணம், வரி என்று வரிசையாக வருகிறவர்களிடம் ‘கொள்கை’ என்று சொல்லி அனுப்ப முடியாது.

காத்திருப்பு உண்மையிலேயே கட்டுப்படியாகும் ஒருவர் இருக்கிறார். அவர் கிராஞ்சிக்காரரின் பணக்கார ஒன்றுவிட்ட அண்ணன். சிராங்கூன் சாலையை ஒட்டி நிரந்தர உரிமையுள்ள கடைவீடு, கடன் இல்லை, குத்தகை கரைவதில்லை, வாடகை விலையில் இரண்டு மூன்று விழுக்காடுதான் என்பதால் வந்தாலும் வராவிட்டாலும் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அவரிடம் மேலே சொன்ன கணக்கு எடுபடாது. அவர் பூட்டும்போது செலவு பக்கத்துக் கடைக்காரருக்குப் போகிறது. மூன்று கதவு சாத்திய வரிசையில் நான்காவது கடைப் பூக்காரரைத் தேடி யாரும் நடந்து வருவதில்லை. இப்படிப்பட்டவர்களுக்காகவே சான் பிரான்சிஸ்கோ நகரம் 2022 முதல், ஆண்டில் 182 நாளுக்கு மேல் காலியாகக் கிடக்கும் கடைக்குத் தனி வரி போடுகிறது. இங்கே அவ்வளவு தூரம் போகவில்லை; காலி இடத்துக்கு வரியைத் திருப்பித் தருவதை 2014-இல் நிறுத்தியது அதன் சாதுவான தம்பி.

கிராஞ்சிக்காரர் ஒருநாள் இறங்கி வரத்தான் செய்கிறார். பெரும்பாலும் மனைவி வங்கிக் கணக்கைப் பார்த்த வாரத்தில். ஓராண்டு, 2,880, இரண்டு மாத முன்பணம் என்று எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டு, ஒப்பந்தக்காரரிடம் ஒரே ஒரு நிபந்தனை போடுகிறார்: “அண்ணே, எவ்வளவுன்னு மட்டும் வெளியில சொல்லாதீங்க.” ஒப்பந்தக்காரர் சத்தியம் செய்கிறார். அடுத்த வாரமே முத்திரை வரி கட்டுவதற்காக அந்தத் தொகை வருவாய் ஆணையத்துக்குப் போய்விடும். கிராஞ்சியில் வாடகை என்ன நிலவரம் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஜேடிசி புள்ளிவிவரத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுகிறது.