மாப்பிள்ளைக்குக் காமாலை இல்லை

எங்கள் குடும்பத்தில் கல்யாணம் முடிந்த மறுநாள் இரண்டு பஞ்சாயத்து நடக்கும். ஒன்று மொய்நோட்டுக் கணக்கு. அதைச் சித்தப்பா பார்த்துக்கொள்வார். மற்றது, போட்டோவில் யார் என்ன நிறத்தில் விழுந்திருக்கிறார்கள் என்பது. அது என் தலையில். யார் போனில் எடுத்ததானாலும் கடைசியில் என் லேப்டாப்புக்குத்தான் வைத்தியத்துக்கு வரும்.

அத்தை பையன் கல்யாணப் படங்களில் மாப்பிள்ளை மஞ்சளாக இருந்தான். நலங்கு மஞ்சள் இல்லை, காமாலை மஞ்சள். "பையனை டாக்டர்கிட்ட காட்டினாங்களா?" என்று பெண் வீட்டில் யாரோ கேட்டதாகத் தகவல் வந்துவிட்டது. அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு நேர்ல பார்த்தப்ப பளிச்சுனுதானேடா இருந்தான்?"

இருந்தான்தான். மணவறை முழுக்க மஞ்சள் பல்புத் தோரணம். ஆனால் மண்டபத்துக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் நம் மூளை அந்த மஞ்சளைக் கழித்துக்கொண்டு, வேட்டியை வெள்ளையாகவே காட்டிவிடும். கேமராவுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. அதற்காகத்தான் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். அதன் பழைய சூத்திரம், படத்தில் உள்ள நிறங்களையெல்லாம் சராசரி போட்டால் சாம்பல் வரும் என்று நம்புவது. செவ்வந்தி மாலை, அரக்குப் பட்டு, தங்க நகை, ஹோமத் தீ. இதை எந்தக் கிரைண்டரில் போட்டு அரைத்தாலும் சாம்பல் வருமா? மாலை ஃப்ரேமை அடைத்த படங்களில் கேமரா பதறிப்போய் நீலத்தைக் கொட்டியிருந்தது. தாலி கட்டும்போது காமாலையாக இருந்தவன், மாலை மாற்றும்போது கிருஷ்ணர் வேஷத்தில் நின்றான்.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள். மெழுகுவர்த்தி சுமார் 1,900, குண்டு பல்ப் 2,800, உச்சி வெயில் 5,500, மர நிழல் 7,000-க்கு மேல். அதாவது நீலம் ஏற ஏறத்தான் சூடு அதிகம். இதை அத்தைக்கு விளக்கினேன். "சூடு ஏத்தினா மஞ்சளாத்தான் ஆகும்" என்றார். மென்பொருளில் அவர் கட்சிதான் ஜெயிக்கிறது! ஸ்லைடரை 8,000-க்குத் தள்ளினால் படம் மஞ்சளாகிறது. 'எடுத்தபோது வெளிச்சம் நீலமாக இருந்தது' என்று நாம் சொல்வதாக அது புரிந்துகொண்டு, ஈடுகட்ட மஞ்சளை ஊற்றும். கெல்வின் பிரபு 1907-இல் காலமானார். லூமியர் சகோதரர்களின் ஆட்டோகுரோம் வண்ணத் தகடு விற்பனைக்கு வந்ததும் அதே வருஷம்தான். புண்ணியவான், கல்யாண ஆல்பம் எதையும் கலரில் பார்க்காமல் தப்பித்தார்.

சுலபமான வழி டிராப்பர். நிறமே இல்லாத ஓர் இடத்தை, சாம்பலோ வெள்ளையோ, தொட்டுக் காட்டினால் மற்றதெல்லாம் அதற்கேற்ப நகரும். விவரமான போட்டோகிராபர்கள் இதற்கென்றே ஒரு சாம்பல் அட்டையைப் படத்துக்குள் பிடித்து எடுத்துக்கொள்வார்கள். கெட்டிமேளம் கொட்டும்போது ஐயருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் அட்டையை நீட்ட யாருக்குத் துணிச்சல் வரும்?

"வேட்டி இருக்கேடா" என்றார் அத்தை. தொட்டேன். மஞ்சள் பாதிதான் இறங்கியது. வேட்டிக்குப் போட்டிருந்த சொட்டு நீலம் காரியத்தைக் கெடுத்திருந்தது. மஞ்சள் வெளிச்சத்தில் கொஞ்சத்தை நீலமே விழுங்கிவிட்டதால், மென்பொருள் பல்புத் தோரணத்தைக் குறைத்து எடைபோட்டுவிட்டது. அடுத்து மல்லிகைச் சரம். வீடியோக்காரர் விளக்குப் பட்டு மூன்று வண்ணமும் 255-ஐத் தொட்டு வெளுத்துக் கிடந்தது. அப்படிப்பட்ட வெள்ளையிடம் சாட்சி கேட்டுப் பயனில்லை. எவர்சில்வர் தாம்பாளம் எதிரில் இருந்தவர் புடவையைத்தான் காட்டியது. கடைசியில் அகப்பட்டது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தாத்தாவின் நெற்றி. காய்ந்த மூன்று பட்டை. பளபளப்பு இல்லை, நீலம் போடவில்லை. விபூதியைவிட உத்தமமான சாம்பல் எங்கே கிடைக்கும்? பெரிதாக்கி, நடுப்பட்டையில் குறிபார்த்துத் தொட்டேன். மாப்பிள்ளைக்குக் காமாலை இறங்கியது.

ஜன்னல் பக்கம் இருந்த பெண் நீலமானாள். இரண்டு வெளிச்சம் ஒரே படத்தில் விழுந்தால் ஒரே மருந்து வேலை செய்யாது. மாஸ்க் போட்டு அவளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ரா ஃபைல் என்றால் இழுத்த இழுப்புக்கு வரும். இவையெல்லாம் வாட்ஸ்அப்பில் அடிபட்டு வந்த ஜேபெக். கொஞ்சம் அதிகமாக இழுத்தாலே கன்னத்தில் புள்ளி புள்ளியாகக் கிளம்பிவிடும்.

எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தபோது அத்தை கேட்டார்: "என் புடவை எங்கடா?"

மஞ்சளை எடுத்ததும் அவருடைய மாம்பழக் கலர் பட்டு சந்தனக் கலராகியிருந்தது. பீரோவிலிருந்து புடவையே வந்தது. டியூப்லைட்டுக்குக் கீழே விரித்தோம். சந்தனம் என்றார் சித்தி. எலுமிச்சை என்றார் மாமா. 2015 பிப்ரவரியில் உலகமே ஓர் உடையின் படத்தை வைத்துக்கொண்டு நீலம்-கறுப்பா, வெள்ளை-தங்கமா என்று அடித்துக்கொண்டதே, அதுவும் ஸ்காட்லாந்தில் ஒரு கல்யாணத்துக்கு மணப்பெண்ணின் அம்மா வாங்கியதுதான். நிஜத்தில் அது நீலம்-கறுப்பு. எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று அவரவர் மூளை ஊகித்துக்கொண்டதில் வந்த சண்டை. இதை நான் சொன்னபோது, "அந்தம்மா கட்டினது என்னவோ இருக்கட்டும், நான் கட்டினது மாம்பழம்" என்றார் அத்தை.

தீர்ப்பும் அவரே சொன்னார். மற்ற எல்லோரும் திருத்திய நிறத்தில் இருக்கலாம். அவர் மட்டும் பழைய மஞ்சளில் இருக்க வேண்டும். அதில்தான் லட்சுமிகரமாக இருக்கிறாராம். ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்த படம் ஒவ்வொன்றிலும் அத்தையைச் சுற்றி மாஸ்க் வரைந்து, அவருக்கு மட்டும் பல்புத் தோரணத்தைத் திரும்ப ஏற்றினேன். கொண்டை ஓரத்தில் மஞ்சள் கசியாமல் பார்த்துக்கொள்வதற்குள் ராத்திரி ரெண்டு மணி.

பென்டிரைவை ஆல்பம் போடும் கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். அச்சாகி வந்ததும் கடைப் பையன் பெருமையோடு நீட்டினான்.

"ஒரு ஆன்ட்டி மட்டும் எல்லா போட்டோலயும் மஞ்சளா இருந்தாங்க சார். சரிபண்ணிட்டேன். அதுக்குத் தனியா காசு வேணாம்."