பலாப் பலகையும் 5 வோல்ட்டும்

அக்குறணையைத் தாண்டி ஏ9 வீதியில் மாத்தளைப் பக்கம் போனால் அலவத்துகொட. வாப்பாவின் தச்சுப் பட்டறை இங்கேதான் இருந்தது. கதவு நிலைக்கு மேலே காற்று வரப் பதிக்கும் பூவேலைப் பலகைகள் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தவை. பலாப் பலகையில் பென்சிலால் கொடியை வரைந்து, உளியும் கொட்டாப்புளியுமாக உட்காருவார். மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போட்டதும் பல்பு மங்கும். பலகையை வாசல் பக்கம் திருப்பிக்கொள்வார், வேலை நிற்காது. உளி மழுங்கியதைச் சத்தத்திலேயே அறிவார்.

அதே கொட்டிலில் இன்று கணினி சொல்லும் வழியில் மரம் வெட்டும் தம்பியின் சிறிய சிஎன்சி மெஷின் ஓடுகிறது. வெட்டுவது வாப்பாவின் கொடிகளைத்தான். உருண்டைக் கட்டர் நுழையாத உள்மூலைகளை அவருடைய உளியால் எடுக்கிறோம்.

மெஷினை நடத்தும் உள்ளங்கை அகல ராஸ்பெரி பை கணினி கொஞ்சக் காலம் எங்களைப் படாதபாடு படுத்தியது. கொடி பாதி வளைந்திருக்கும்போது தானாக அணைந்து மறுபடி எழும்பும். தனி ஸ்விட்சில் ஓடும் கட்டர் மட்டும் ஒரே இடத்தில் சுழன்று மரத்தைக் கருக்கும். இலை நுனியில் கரி விழுந்த பலாப் பலகையை யாருக்கு விற்பது?

"புரோகிராமில்தான் பிழை, நானா" என்றான் தம்பி. எனக்குச் சந்தேகம் மின்சாரத்தின் மேல். ராஸ்பெரி பை பலகைகள் பலவற்றில், 5 வோல்ட் 4.63க்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் குறி தோன்றும். திரையில்லாமல் ஓடினாலும் பலகை அதை நினைவில் வைத்திருக்கும். ஒரு கட்டளையால் கேட்கலாம். கேட்டோம். இறங்கித்தான் இருந்தது. கணினிக்குப் போட்டிருந்தது போன் சார்ஜரும் நீளமான மெல்லிய வயரும். சார்ஜர் முனையில் 5 வோல்ட் இருந்தாலும், கணினி கூடுதலாக இழுக்கும் நேரம் வயரின் தடையிலேயே ஒரு பங்கு போய்விடும். மல்டிமீட்டரைக் கணினியின் பின்களில் வைத்து, வேலை நடக்கும்போதே அளந்தால்தான் இது தெரியும். 5.1 வோல்ட் அடாப்டரும் தடித்த குட்டை வயரும் வந்ததும் கணினி அணைவது நின்றது. வாப்பா காதால் அறிந்ததுபோல நாங்கள் மீட்டரால் அறிகிறோம். இதில் எனக்குத் தாழ்வு தெரியவில்லை.

பிறகும் யூஎஸ்பி தொடர்பு இடையிடையே அறுந்தது. மோட்டர்களுக்கு நேரம் பிசகாமல் துடிப்பு அனுப்புவது ஜிஆர்பிஎல் மென்பொருள் ஏற்றிய அர்டுயினோ என்ற சின்ன மின்பலகை. கணினி அதற்கு வரிவரியாகக் கட்டளை கொடுக்கிறது. தொடர்பு அறுந்தால் வேலை அப்படியே நின்றுவிடும். கட்டரை அணைத்துவிட்டு, வெறும் காற்றில் அதே கொடியை ஓடவிட்டோம். தடையில்லாமல் முடிந்தது. அப்படியென்றால் கட்டர் மோட்டரின் கார்பன் பிரஷ்ஷில் தெறிக்கும் பொறிதான் பக்கத்து வயரில் இரைச்சலாக ஏறுகிறது. மோட்டர் வயரை மறுபக்கம் விலக்கி, யூஎஸ்பிக்குக் கவசமிட்ட குட்டை வயரும் ஃபெரைட் வளையமும் போட்டோம். தொடர்பு நிலைத்தது.

கரண்ட் கட்டுக்குத்தான் முழு மருந்தில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்ட நாடு இது. கணினி எஸ்டி கார்டில் எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் அதிலுள்ள கோப்புகள் கெடலாம். ஆகவே கணினிக்கு மட்டும் சின்ன யூபிஎஸ் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பலகையின் மூலையிலும் தொடக்கப் புள்ளியைக் கீறிவிடுகிறான் தம்பி. கரண்ட் வந்ததும் கட்டரை அங்கே கொண்டுவந்து அளவை ஒப்பிட்டு, நின்ற வரிக்குச் சற்று முன்னாலிருந்து வெட்டைத் தொடர்கிறோம்.