முதலாளி மந்திரியானால்

செக் நாட்டில் ஆந்த்ரே பாபிஷ் என்றொரு கோடீஸ்வரர். உரம், ரசாயனம், கோழிக்கறி, ரொட்டி எல்லாம் அவருடைய அக்ரோஃபெர்ட் குழுமத்துக்குள் அடக்கம். ஊழலை ஒழிக்க 2011-இல் இயக்கம் கண்டார். 2013-இல் இரண்டு பெரிய நாளிதழ்களின் பதிப்பகத்தையே வாங்கிப் போட்டார். பேட்டிக்கு அலைய வேண்டாம் பாருங்கள். 2014-இல் நிதியமைச்சர்.

நாட்டைக் கம்பெனி போல நடத்துவேன் என்பது அவர் வாக்கு. நடத்தினார். 2016 டிசம்பர் முதல் மதுக்கடையில் விற்கும் ஒரு குவளை பீரின் கணக்கும் உடனுக்குடன் வரித்துறைக்குப் போயாக வேண்டியிருந்தது. ஆனால் 'நாரைக் கூடு' என்ற பண்ணை விடுதியின் கணக்கு மட்டும் அவ்வளவு சுருக்கமாக முடியவில்லை. சிறுதொழிலுக்கான ஐரோப்பிய மானியம், 5 கோடி குரோனா, அதற்கு எப்படிப் போனது என்று அவர்மேல் வழக்கு. மானியம் வாங்கியபோது பங்குகளுக்கு உரிமையாளர் பெயரே தெரியாது. பிறகு பார்த்தால் அவருடைய குடும்பத்தார். கீழ்நீதிமன்றம் அவரை இருமுறை விடுவித்தது. மேல்நீதிமன்றம் இருமுறையும் ரத்து செய்தது.

2017-இல் அமைச்சர்களின் தொழிலுக்குக் கடிவாளமிடும் சட்டம் வந்தது. குழுமத்தை அறக்கட்டளைகளிடம் ஒப்படைத்தார். பிடி இன்னும் அவரிடமே என்றது ஐரோப்பிய ஆணையத்தின் தணிக்கை. இல்லவே இல்லை என்றார் அவர். அதற்குள் பிரதமராகியிருந்தார்.

2021 தேர்தலில் நாற்காலி போனது. 2025-இல் திரும்பி வந்தது. இவ்வளவு பொறுமையான பங்குதாரர்கள் எந்தக் கம்பெனிக்கும் வாய்க்க மாட்டார்கள்.