மண்ணில் பிறந்த மூன்று பங்காளிகள்

கே: வயல் சேற்றில் ஆளைக் கொல்லும் பாக்டீரியா இருக்கிறதாமே, உண்மையா?
(வாசகர், மன்னார்குடி)

ப: உண்மை. பெயர், பர்கோல்டேரியா சூடோமாலி. அது தரும் நோய் மெலியாய்டோசிஸ். ரங்கூனில் பார்த்த நோயாளிகளை வைத்து ஆல்ஃபிரட் விட்மோரும் சி.எஸ். கிருஷ்ணசாமியும் 1912-இல் இதை முதலில் எழுதினார்கள். வடகிழக்குத் தாய்லாந்து, வட ஆஸ்திரேலியா, இலங்கை, தமிழ்நாடு என வெப்பமான ஈர நிலங்களில் வாழ்கிறது. தோலில் உள்ள கீறல் போதும், உள்ளே போய்விடும்.

கே: அதன் பங்காளி ஒன்று பரம சாதுவாமே?
(வாசகி, குடந்தை)

ப: பர்கோல்டேரியா தாய்லாந்தென்சிஸ். மனிதரைத் தாக்குவது மிக அரிது. சூடோமாலியின் ஜீனோமில் சுமார் 72 லட்சம் எழுத்துகள். தாய்லாந்தென்சிஸின் ஜீனோமில் 67 லட்சம். இரண்டிலும் பெரும்பாலான ஜீன்கள் பொதுவானவை. வேறுபாடுகளில் முக்கியமானது உறை. சூடோமாலியைச் சுற்றி நம் ரத்தத்தின் காவல் புரதங்களைத் தடுக்கும் சர்க்கரை உறை உண்டு. அதைக் கட்டும் ஜீன் வரிசை சாதுவின் பெரும்பாலான ரகங்களில் இல்லை.

கே: அப்படியானால், கூடுதல் ஜீன் வந்தால் கொடிய கிருமி. சரிதானே?
(வாசகர், ஈரோடு)

ப: பாதி சரி. இழந்தும் கொடியதாகலாம். அராபினோஸ் என்ற சர்க்கரையை உண்ண உதவும் ஜீன்கள் சாதுவிடம் உண்டு, சூடோமாலியிடம் இல்லை. அவற்றைச் சூடோமாலிக்குள் திரும்ப வைத்துப் பார்த்தார்கள். வெள்ளெலிகளைக் கொல்லும் வேகம் குறைந்தது. 2004-இல் வெளியான ஆய்வு இது.

கே: நிறைய இழந்தால் என்ன ஆகும்?
(வாசகர், யாழ்ப்பாணம்)

ப: மூன்றாவது பங்காளி பர்கோல்டேரியா மாலியைப் பாருங்கள். சூடோமாலியின் ஒரு கிளையிலிருந்து பிரிந்து, ஜீன்களை உதறி, 58 லட்சம் எழுத்துகளுக்குச் சுருங்கிவிட்டது. மண்ணில் பிழைக்கும் திறமை போயிற்று. இப்போது அதற்கு வீடு குதிரை, கழுதைகளின் உடல்தான்.

கே: மூன்றிலும் ஒரே ஜீன் இருந்தால், வேலையும் ஒன்றுதானே?
(வாசகி, மதுரை)

ப: ஒன்றாக இருக்கலாம், செய்யும் விதம் மாறும். பிம்-ஏ என்ற ஜீன் மூன்றிலும் உண்டு. நம் செல்லின் ஆக்டின் புரதத்தை வாலாகக் கட்டி, கிருமி அடுத்த செல்லுக்குள் தள்ளிக்கொண்டு போக உதவும். அதற்காகச் சூடோமாலியின் பிம்-ஏ நம் செல்லின் ஒரு புரதத்தைப் போலவும், சாதுவின் பிம்-ஏ வேறொரு புரதத்தைப் போலவும் நடிக்கிறது. சூடோமாலியின் சில ரகங்களில் மாலியின் வடிவத்தை ஒத்த பிம்-ஏ இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மூளை, நரம்பு பாதித்த நோயாளிகளிடம் அந்த ரகம் அதிகம் தென்பட்டது. ஆகவே, ஜீன் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும்.

கே: இந்த ஒப்பீட்டால் நோயாளிக்கு என்ன லாபம்?
(வாசகர், வேலூர்)

ப: உயிர். மெலியாய்டோசிஸ் காசநோய் போலத் தோன்றும். ஆய்வகத்தில் கிருமியைச் சூடோமோனாஸ் என்ற வேறு பாக்டீரியாவாகத் தவறாக எண்ணிவிடுவதும் உண்டு. பங்காளிகளிடம் இல்லாமல் சூடோமாலியிடம் மட்டும் உள்ள ஜீன் துண்டை ஒப்பீடுதான் காட்டித் தந்தது. அதைத் தேடும் பி.சி.ஆர். சோதனை சில மணி நேரத்தில் கிருமியை இனம்காட்டும். பொதுவாக ஜென்டாமைசின் இதனிடம் பலிக்காது. செஃப்டாசிடிம் போன்ற மருந்தை ஊசியில் குறைந்தது 10 நாள், பிறகு சில மாதங்கள் மாத்திரை.

கே: யாருக்கு ஆபத்து அதிகம்?
(வாசகி, திருவாரூர்)

ப: சர்க்கரை நோயாளிகளுக்கு. காலில் புண்ணோடு சேற்றில் இறங்காதீர்கள். முடிந்தவரை ரப்பர் பூட்ஸ் போடுங்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் விடாவிட்டால், வயலில் வேலை செய்ததை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள். அவர் ரத்தக் கல்ச்சர் எழுதித் தர அந்த ஒரு தகவல் காரணமாகலாம்.