புகுமுன் காண்டல்: கல்லூரி பார்க்கப் போதல் குறித்த ஓர் அளவை ஆராய்ச்சி

ஒரு பொருளை உள்ளபடி அறிவதற்குரிய அளவைகள் பத்து என்று, மணிமேகலையில் வஞ்சி மாநகரத்து அளவைவாதி காண்டல், கருதல், உவமம் முதலாக வரிசைப்படுத்தி உரைக்கிறான். பிளஸ் டூ தேறிய பெண்ணொருத்தி தான் சேரவிருக்கும் கல்லூரியை முதன்முறையாகப் பார்த்துவர உற்றார் புடைசூழப் புறப்படும் அந்த ஒரு பகற்பொழுதில் இவற்றுட் பெரும்பாலானவை ஒருங்கே பிரயோகமாவதை உரையாசிரியர்கள் உதாரணமாக எடுத்தாளாமற் போனது, தமிழ்த் தர்க்க சாஸ்திரத்திற்கு நேர்ந்த நஷ்டமென்றே கருதுகிறேன். அந்நஷ்டத்தை இயன்ற அளவு ஈடுசெய்வதே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

ஆராய்ச்சிக்குக் களம் போடிமெட்டு. கடல்மட்டத்திற்கு நாலாயிரம் அடிக்கு மேலே, ஒரு காலைத் தேனி மாவட்டத்திலும் மறு காலை இடுக்கியிலும் ஊன்றி நிற்கும் இவ்வூரில் ஏலச்செடி உண்டு, மூடுபனி உண்டு, சோதனைச் சாவடி உண்டு, கல்லூரி இல்லை. ஆகவே கல்லூரி என்பது இங்குள்ளோர்க்குக் 'கீழே' இருப்பதொரு வஸ்து. போடியில் ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி இருக்கிறது (ஏலக்காயை ஏலம் விடும் ஊராதலால், இப்பெயரை முதன்முறை கேட்கும் வெளியூரார் எந்த ஏலம் என்று மயங்குவதுண்டு). உத்தமபாளையத்தில் 1956-இல் தோன்றிய கருத்த ராவுத்தர் கல்லூரி இருக்கிறது. மதுரைக்குப் போனால் 1881-இல் தோன்றிய அமெரிக்கன் கல்லூரி முதலாகப் பல. எதைப் பார்ப்பதானாலும் 17 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கியாக வேண்டும். மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் வந்த இரயில் 2010-இல் நின்று, 2023-இல் அகலப் பாதையில் திரும்பி வந்தது. ஆயினும் அவ்வளவும் மலையடிவாரத்துச் சங்கதி. வளைவுகளுக்கு மாற்று எலுமிச்சம்பழம் ஒன்றே. அதை முகர்ந்துகொண்டுதான் என் தங்கையும் அவள் மகளும் அன்று காலை என்னுடன் இறங்கினார்கள். மச்சானுக்குக் காய் பறிப்பு.

நாலந்தாவில் வாயிற்காப்போன் கேட்ட கடினமான வினாக்களுக்கு விடை கூறமாட்டாது பலர் வந்த வழியே திரும்பினர் என்று ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் எழுதிவைத்தார். அம்மரபு அழிந்துவிட்டதென்று சரித்திர ஆசிரியர்கள் கூறுவது பிழை. மதுரையில் நாங்கள் பார்க்கப்போன கல்லூரியின் வாயிலில், நீலச் சட்டையணிந்த செக்யூரிட்டி நோட்டுப் புத்தகத்தை நீட்டி ஊர் எதுவென்று கேட்டார், போடிமெட்டு என்றோம்.

"போடிமெட்டுன்னா கேரளாவா, தமிழ்நாடா?"

1956 நவம்பர் 1-ஆம் தேதி தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட்ட நாள்தொட்டு அறிஞர் பலரை வருத்திய வினா இது. என் தங்கை கணமும் தயங்கவில்லை. "வீடு தமிழ்நாடுங்கய்யா, தோட்டம் கேரளா. மழை ரெண்டுலயும் பெய்யும்." அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களை உள்ளே விட்டார்.

காண்டலாகிய பிரத்தியட்சம் ஐம்பொறிகளால் நிகழ்வது என்பர். தாய்மாருக்கு அது நாவொன்றால் நிகழ்வதென்பது என் துணிபு. நூலகம், ஆய்வுக்கூடம், கொடிக்கம்பம் ஆகியவற்றைக் கடைக்கண்ணாலேனும் நோக்காது, என் தங்கை நேரே குழாயடிக்குச் சென்று ஒரு கை நீர் ஏந்திக் குடித்து, "உப்பு" என்றாள். கட்டணம், பாடப்பிரிவு, பேராசிரியர்தம் பட்டங்கள் யாவும் அவ்வொரு சொல்லுக்குப் பின்னரே விசாரணைக்கு வந்தன. உவமம் அடுத்தது: வேதியியல் ஆய்வுக்கூடத்தைச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தவள், அதன் நீண்ட தட்டுகளையும் வெக்கையையும் கண்டு, "நம்ம ஸ்டோரு மாதிரியேதாண்ணே இருக்கு, காய்தான் காயல" என்றாள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை அறியாதார் இவ்வுவமையின் நயத்தை உணரார்.

ஐதிகம் என்பது, இம்மரத்தில் ஒரு பேய் உறைகிறதென்று உலகோர் வழிவழியாகச் சொல்வதை நம்புதல். விடுதிகளில் மரத்தின் ஸ்தானத்தை மூன்றாம் மாடியின் கடைசி அறை வகிக்கிறது. எங்களுக்குச் சுற்றிக்காட்ட வந்த இரண்டாமாண்டு மாணவி குரலைத் தாழ்த்தி, அவ்வறையில் யாரும் தங்குவதில்லை, இரவில் கொலுசுச் சத்தம் கேட்கும் என்றாள். மருமகளின் கண்கள் அன்று முதன்முறையாக விரிந்தன. தங்கையோ, "அந்த ரூமுக்கு மட்டும் பீஸு குறைப்பாங்களாம்மா?" என்று விசாரித்தாள்.

இவையெல்லாம் உடன்சென்றோரின் அளவைகள். சேரப்போகிறவள் எதனால் அறிகிறாள்? அபாவத்தால், அதாவது இல்லாமையால். மைதானத்தின் நடுவில் அவள் நெடுநேரம் நின்றிருந்ததைக் கண்டு அருகே சென்றேன். முழங்காலைச் சற்று மடித்து, உடலை முன்சாய்த்து, ஏற்றத்தை எதிர்பார்ப்பவள் போலவே நின்றாள். "மாமா, இம்புட்டும் சமமாவே இருக்கு" என்றாள். பிறகு கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்துக் கையை எடுத்தாள். பழம் வைத்த இடத்திலேயே இருந்தது. குனிந்து பார்த்தாள், ஓரடி தள்ளி வைத்தாள், அங்கும் இருந்தது. சரிவில்லை, பனியில்லை, அட்டையில்லை, அம்மாவின் குரல் எட்டும் தொலைவில்லை என்று அவள் எண்ணியிருக்கக் கூடுமென்பது கருதலளவையால் நான் பெற்றது, பிரமாணமாகக் கொள்ளற்க.

இருட்டிய பின் வீடு சேர்ந்தோம். காய்க்கறை படிந்த கையைக் கழுவியபடியே மச்சான் கல்லூரி எப்படியென்று கேட்டார். "தண்ணி உப்பு" என்றாள் தங்கை. மருமகள் ஒன்றும் சொல்லாமல் பழத்தை வாசற்படியில் வைத்தாள். அது முற்றத்தில் இறங்கி, வேலியிடுக்கில் நுழைந்து, ஏலச்செடிகளுக்குள் உருண்டு மறைந்தது.

"ஏண்டி, நல்ல பழம்டி அது" என்று தங்கை டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள்.