பாட்டி வருகிறார், பத்திரம்!

வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேய் வீடியோ கேம் ஆடினால் பயம் குறையுமா? (வாசகர், ராசிபுரம்)

ஆடுவது ஒருவர், அலறுவது நாலு பேர். பிறகு எங்கே குறைய?

2017-ல் வந்த ‘கிரானி’யில் வில்லியே ஒரு பாட்டிதான். ஒரு சாமான் தரையில் விழுந்தால் போதும், சத்தம் வந்த இடத்துக்கே வந்துவிடுவார். தப்பிக்க 5 நாள் அவகாசம். பிடிபட்டால் ஒரு நாள் காலி. முறுக்கு டப்பா மூடி திறக்கும் சத்தத்துக்கே திண்ணையிலிருந்து எழுந்து வரும் அம்மாயியைப் பார்த்து வளர்ந்த நாமக்கல் பேரப்பிள்ளைகளுக்கு இது பழகிய ஆட்டம்!

சரி, சிரித்துக்கொண்டே ஆட? (வாசகி, ஆத்தூர்)

‘இட் டேக்ஸ் டூ’. விவாகரத்துக்கு நிற்கும் கணவன், மனைவி பொம்மைகளாக மாறிவிடுகிறார்கள். ஒத்துப்போனால்தான் அடுத்த கட்டம்.

தனியாக ஆட வழியே இல்லை. 2021 ‘கேம் அவார்ட்ஸ்’ விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு இதுதான்.